பெயர் எழுதப்படாத பிள்ளைகள்



நமது மாவட்டத்துப் பங்குகள் பலவற்றில் ஒரே ஓலைக்கூரைதான் ஞாயிறன்று கோயிலாகவும் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் இருந்ததென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்விதம் தோன்றிய ஆரம்பப் பள்ளிகள் இப்போது பவள விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடி வருகின்றன. விழா வந்தால் மலர் வரும். மலர் வந்தால் பழைய வகுப்புப் படம் ஒன்றேனும் அதில் இடம் பெறும். அப்படத்தின் அடியில் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் குருவானவரின் பெயர் இருக்கும். அவருக்கு இருபுறமும் உள்ள தலைமையாசிரியர், உதவி ஆசிரியர்களின் பெயர்கள் பட்டங்களோடு இருக்கும். பின்னால் நிற்போரும் முன்னால் மணலில் சம்மணமிட்டு அமர்ந்திருப்போருமாகிய பிள்ளைகளுக்கோ, "மாணவ மாணவியர்" என்ற ஒரே தலைப்பு. குருக்களாகிய நமக்கு நாற்காலியும் பெயரும் கிடைத்தன, பிள்ளைகளுக்கு மணல் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பிள்ளைகள் யார் யார் என்று கண்டறிந்து எழுதி வைக்கும் வேலையைப் பற்றியே இம்மாதம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். நாம் முன்பு பணிபுரிந்த கடலோரப் பங்கு ஒன்றில் இவ்வேலையில் ஏறக்குறைய ஓராண்டு ஈடுபட்டோம். வெளியே பார்ப்போருக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்காகத் தோன்றலாம். உள்ளே இறங்கியவர்களுக்குத்தான் இதன் பாரம் தெரியும்.

முதலில் படத்தின் வயதை அறிய வேண்டும். முன்வரிசைச் சிறுவன் கையில் ஒரு கற்பலகை இருக்குமாயின் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் எழுதியுள்ள எண்ணைக் கண்டு திகைக்கலாகாது. நமது மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்தபடியால், கொல்லம் ஆண்டே இங்கு வழக்கிலிருந்தது. நாம் கண்ட பலகையில் 1128 என்றிருந்தது. ஏதோ அரசர் காலத்துக் கல்வெட்டோ என்று நமது இளைஞர் ஒருவர் வியந்தார்! கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. அதனோடு 824 அல்லது 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். ஆக, அது 1952 ஆகஸ்டுக்கும் 1953 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட காலம். பலகை இல்லாத படங்களில் பின்னணியில் தெரியும் கோயில் முகப்பு, மணிக்கூண்டு, பிள்ளைகளின் உடை ஆகியவற்றைக் கொண்டு ஒருவாறு ஊகிக்க வேண்டும். பிள்ளைகளின் உயரத்தை மட்டும் நம்பவே கூடாது. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டால் முதல் வகுப்பு என்பதே அக்காலத்துப் பிறப்புச் சான்றிதழ். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே தம் வசதிப்படி நிர்ணயித்தார். எனவே ஒரே வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் தோளோடு தோள் நின்றதில் வியப்பில்லை.

அடுத்தது பெயர். இங்கேதான் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. நமது பிள்ளை ஒன்றுக்கு ஒரு பெயர் அல்ல, மூன்று பெயர். பழைய ஞானஸ்நானப் புத்தகங்களில் குருக்கள் இலத்தீனில் எழுதினர். அங்கே 'யோசேப்புஸ்' என்றிருப்பவன் வீட்டில் சூசை, பள்ளிப் பதிவேட்டில் ஜோசப். 'பெத்ருஸ்' என்பவன் இராயப்பன் அல்லது பீட்டர். 'பவுலுஸ்' சின்னப்பன். 'யோவான்னெஸ்' அருளப்பன். 'யாக்கோபுஸ்' யாகப்பன். 'லாசருஸ்' என்று கண்டால் தேவசகாயம் என்று தேட வேண்டும். நமது மண்ணின் மறைசாட்சிக்கு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானத்தின்போது சூட்டப்பட்ட பெயர் அதுவே. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, சாதிப்பெயர் ஒட்டாமல் அந்த ஞானஸ்நானப் பெயரால் மட்டுமே அவர் அழைக்கப்பட்டார் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். ஆண்டவர் சொன்ன உவமைகளில் பெயரோடு வருகிற ஒரே மனிதன் வாசலில் கிடந்த ஏழை இலாசர் அல்லவா? உள்ளே விருந்துண்ட செல்வனுக்கு நற்செய்தி பெயர் தரவில்லை. நமது விழா மலர்களின் வழக்கம் இதற்கு நேர்மாறானது.

சிறுவர்களைக் கண்டறிவதைவிடச் சிறுமிகளைக் கண்டறிவது பன்மடங்கு கடினம். ஆண்பிள்ளை ஊரிலேயே இருப்பான். அவன் இல்லாவிட்டாலும் அவன் மக்கள் இருப்பர். பெண்ணோ மணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். தகப்பன் பெயரின் முதலெழுத்து கணவன் பெயரின் முதலெழுத்தாக மாறிவிட்டது. பத்தாண்டு கழிந்தால் அவளை ஊரில் "இன்னாருடைய அக்காள்" என்பார்களேயன்றிப் பெயர் சொல்லமாட்டார்கள். இங்கே திருச்சபையின் பழைய ஒழுங்கு ஒன்று பெருந்துணை புரிகிறது. திருமணங்களைப் பதிந்து வைக்குமாறு பங்குக் குருக்களுக்குத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இலேயே கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டமும் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய ஏடுகளை ஒவ்வொரு பங்கும் பேண வேண்டுமெனப் பணிக்கிறது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவரது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். இரண்டாம் திருமணத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் எழுபது ஆண்டுகளுக்குப் பின், மணலில் அமர்ந்த ஒரு சிறுமி எந்த ஊருக்கு, யாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்பதை உலகில் வேறெந்த ஏடும் சொல்லாது. அந்த ஓரக்குறிப்பு சொல்லும். நாம் தேடிய சிறுமிகளில் நால்வரை இவ்வழியே கண்டோம். அவர்களுள் ஒருவர் இன்னும் உயிரோடிருந்தார். நாம் கொண்டுபோன படத்தில் தம்மைத் தேடாமல், தமக்குச் சிலேட்டுக்குச்சி கடன் தராத தோழியைத்தான் முதலில் சுட்டிக் காட்டினார்!

முதியோரைக் கேட்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாறு பேரைப் பங்கு மண்டபத்தில் கூட்டி வைத்துப் படத்தைக் காட்டினால், குரல் உரத்தவர் சொல்வதை மற்றவர் தலையசைத்து ஏற்பர். பெயர்கள் விரைவில் நிரம்பும், ஆனால் அவற்றுள் பாதி பிழையாயிருக்கும். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் எண்ணிட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுத் திண்ணையில் தனித்தனியே கேட்பதே நலம். முன்னவர் சொன்னதைப் பின்னவருக்குச் சொல்லலாகாது. "இது யார்?" என்று கேட்பதிலும், "உமக்குப் பக்கத்தில் நின்றது யார்?" என்று கேட்டால் நினைவு எளிதில் திறக்கும். இருவர் தனித்தனியே சொன்ன பெயர் ஒத்துப்போய், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் அப்பெயர் காணப்பட்டால் மை கொண்டு எழுதலாம். இல்லையேல் பென்சிலோடு நிறுத்த வேண்டும். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே இரவில் எல்லாப் பெயரும் வந்துவிடும் என்பார் உண்டு. வந்துவிடும், மெய்தான். மறுநாள் காலை ஒரே முகத்துக்கு நான்கு பெயர் இருக்கும்.

படத்தையும் காக்க வேண்டுமே! கடற்காற்றின் உப்பும் ஈரமும் பழைய படங்களுக்குப் பெரும் பகை. பின்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தழும்பு தெரியும். மென்மையான பென்சிலே போதும். பசை நாடாவும் வேண்டாம், பிளாஸ்டிக் உறைக்குள் சூடிட்டு ஒட்டும் லேமினேஷனும் வேண்டாம். ஒருமுறை ஒட்டிய படத்தைப் பிறகு பிரிக்க இயலாது.

இன்னொரு சோதனையையும் கடக்க வேண்டும். அது பெரிய மனிதரைத் தேடும் சோதனை. பள்ளியில் பயின்று ஆயரானவரோ அமைச்சரானவரோ ஒருவர் இருந்துவிட்டால் போதும், ஒவ்வொரு படத்திலும் அவரைக் கண்டுபிடிக்கத் துடிப்போம். இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய பலவீனமன்று. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பள்ளியில் எடுத்த ஒரு வகுப்புப் படத்தில் பிற்காலச் சர்வாதிகாரி ஹிட்லர் சிறுவனாக நிற்கிறார். அதே படத்தில் உள்ள வேறொரு சிறுவன், பின்னாளில் புகழ்பெற்ற மெய்யியலறிஞர் விட்கன்ஸ்டைன்தான் என்று 1998இல் வெளிவந்த ஒரு நூல் வாதிட்டது. இருவரும் அப்பள்ளியில் பயின்றது உண்மையே. ஆயினும் விட்கன்ஸ்டைன் அங்கே சேர்ந்தது 1903இல். படமோ ஏறக்குறைய 1901இல் எடுக்கப்பட்டதென்பது ஜெர்மானிய அரசு ஆவணக் காப்பகத்தின் குறிப்பு. இந்த ஆரவாரத்தில் நமக்கு உறுத்துவது வேறொன்று. விட்கன்ஸ்டைன் அல்லவென்றால் அந்தச் சிறுவன் யார்? அவனுக்கும் ஒரு தாய் இருந்தாளே! அதைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலரே.

பெயர் எழுதாத பழக்கம் எங்கே போய் முடியக்கூடும் என்பதைக் கனடா நாட்டின் துயர வரலாற்றில் காண்கிறோம். அங்கே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கும் உறைவிடப் பள்ளிகள் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்தன. ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் அவற்றில் வாழ்ந்தனர். செலவு அரசினுடையது, நடத்தியவை திருச்சபைகள். அவற்றுள் பெரும்பகுதி நமது கத்தோலிக்கச் சபைகளின் பொறுப்பிலிருந்தது. இப்பள்ளிகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தந்த அறிக்கையில் ஒரு செய்தியைப் படித்து நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். அப்பள்ளிகளில் இறந்ததாகப் பதிவான பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெயரே எழுதப்படவில்லை. ஒரு பிள்ளை இறந்தது என்று எழுதிய கை, எந்தப் பிள்ளை என்று எழுதவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று மாஸ்குவாசிஸ் என்னுமிடத்தில் அம்மக்களின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். குருத்துவ உடை அணிந்த எவரும் இதைப் பிறர் வீட்டுச் செய்தியாகப் படிக்க முடியாது.

அதே நாட்டின் வடகோடிப் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுவிட் மக்களுக்கு 1940களிலிருந்து அரசு எண் பொறித்த வட்டு ஒன்றைத் தந்து, பெயருக்குப் பதில் எண்ணால் குறித்து வந்தது. அவர்களைப் படமெடுத்தவர்களும் "ஒரு சிறுமி", "ஒரு தாய்" என்று எழுதி ஆவணக் காப்பகத்தில் சேர்த்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், இனுவிட் இளைஞர் சிலர் அப்படங்களைக் கணினியில் ஏற்றித் தங்கள் ஊர் முதியோரிடம் கொண்டு சென்று, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதத் தொடங்கினர். கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் அம்முயற்சியை இன்றளவும் தொடர்ந்து நடத்துகின்றன. திண்ணையில் அமர்ந்து நாம் செய்ததும் அதுவே. அவர்களைப் பற்றிப் படித்த பின்னரே நமக்கு இவ்வெண்ணம் உண்டாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி நமது படத்துக்கு வருவோம். கொல்லம் 1128ஆம் ஆண்டுப் படத்தில் 38 பிள்ளைகள். அவ்வாண்டு ஐந்தாம் வகுப்பின் பதிவேட்டிலோ 46 பெயர்கள். எஞ்சிய எண்மர் எங்கே? சிலருக்கு அன்று உடுத்த நல்ல சட்டை இல்லை. சிலர் படத்துக்குரிய காசு கொண்டு வரவில்லை. இருவர் அன்று கட்டுமரத்தில் இருந்தனர். இவற்றையெல்லாம் முதியோரே சொன்னார்கள், சற்றே குரல் தாழ்த்தி.

மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நின்ற சிறுவனை இரு குடும்பத்தார் உரிமை கொண்டாடினர். ஒரு குடும்பத்தின் மூத்த அம்மையார், எண்பதைக் கடந்தவர், அது தம் அண்ணன் என்றார். அண்ணன் பத்தொன்பதாம் வயதில் கடலுக்குப் போய் மீளவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருக்கென்று ஒரு படமும் வீட்டில் இல்லை. கடற்கரைக் குடும்பங்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலுக்குப் பின்னும் எத்தனை வீடுகளில் ஒரு படத்துக்காகப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினோம்! மற்றொரு குடும்பத்தார், அது கொச்சிக்கு வேலைக்குப் போய் அங்கேயே மரித்த தங்கள் சித்தப்பா என்றனர். அவர்களிடமும் வேறு படமில்லை.

பள்ளியின் சேர்க்கை–நீக்கப் பதிவேட்டை எடுத்தோம். இரு பெயர்களும் இருந்தன. அம்மையாரின் அண்ணனுக்கு நேரே, கொல்லம் 1127ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், வராமையால் நீக்கம் என்றிருந்தது. படமெடுத்ததற்கு முந்திய ஆண்டு அது. நீக்கப்பட்ட பிள்ளை படமெடுக்கும் நாளில் ஓடி வந்து வரிசையில் நின்றிருக்கலாகாதா என்று நாமே நமக்கு வாதாடிப் பார்த்தோம். அவ்வாறு நடப்பதுண்டு. ஆனால் வழக்கொன்று இருப்பதை அறியாத வகுப்புத் தோழர் இருவர், வெவ்வேறு ஊர்களில் வசிப்பவர்கள், கொச்சிக்குப் போனவரின் பெயரையே சொன்னார்கள். நெற்றியில் தெரியும் தழும்பு எந்த மாமரத்திலிருந்து விழுந்து வந்ததென்பதையும் ஒருவர் சொன்னார்.

இருவர் பெயரையும் போட்டுவிட்டால் என்ன, யாருக்கு நட்டம் என்று நமது பங்குப் பேரவையில் அன்பர் ஒருவர் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்விதான். நாம் இசையவில்லை. ஒரு முகத்தில் இரு பெயர் எழுதினால் ஒருவருடைய முகம் பறிபோகிறது, மற்றவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மேலும், அந்த அம்மையார் தினமும் யார் முன்னே விளக்கேற்றப் போகிறார்?

பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாமே அவர் வீட்டுக்குச் சென்று விஷயத்தைச் சொன்னோம். அவர் அழவில்லை. நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, "சாமி, எங்க அண்ணன் பேரு அதுல இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறதென்றோம். எழுத்தறியாத அவர், அந்த வரி எதுவென்று காட்டச் சொன்னார். காட்டினோம். அண்ணன் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், ஆசிரியரின் சாய்வெழுத்தில். அவ்வரியின் மீது உள்ளங்கையை வைத்துக் கொண்டார். இந்தத் தாளில் ஒரு நகல் கிடைக்குமா என்றார். மறுநாளே எடுத்துக் கொடுத்தோம். இப்போது அது கண்ணாடி போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே தொங்குகிறது. அவ்வாண்டு கல்லறைத் திருநாள் பூசைக்குத் தந்த பட்டியலில் அண்ணன் பெயரோடு, படத்தில் நின்ற சிறுவனின் பெயரையும் அவர் எழுதுவித்திருந்தார்.

மலரில் அப்படத்தை முழுப்பக்கமாக அச்சிட்டோம். அதன் கீழே பெயர்கள் வரிசைக்கிரமமாக வந்தன. அவற்றின் பின், "பதிவேட்டில் உள்ளோர், படத்தில் இல்லாதோர்" என்று 8 பெயர்கள். அம்மையாரின் அண்ணனுக்கு அந்த எட்டிலும் இடமில்லையாதலால், அதற்கு முந்திய ஆண்டோடு பள்ளியை விட்டவர்களின் பெயர்களையும் சேர்த்தோம். அச்சகத்தார் இடமில்லையென்று முணுமுணுத்தனர். விளம்பரம் ஒன்றை நீக்கி இடம் செய்தோம்.

இருவர் பெயர் மட்டும் இன்றுவரை அறியப்படவில்லை. ஒருவன் கடைசி வரிசையில் தூணின் நிழலில் நிற்பவன், முகம் பாதிதான் தெரிகிறது. மற்றவள் முன்வரிசையில் வலக்கோடியில் அமர்ந்த சிறுமி. வயது பத்திருக்கலாம், கழுத்தில் உத்தரியம், இடக்கை விரலில் துணிக்கட்டு. கொல்லம் 1128இல் கடலோரப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் படித்து, படமெடுத்த நாளில் விரலில் கட்டுப் போட்டிருந்ததாகச் சொல்லும் பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இவ்விதழின் முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள். படத்தின் நகலை அனுப்பி வைக்கிறோம்.